இரவில் பல்லைக் கடிப்பதால்தான் ஈறு கெட்டதா?

கேள்வி: எனக்கு 43 வயது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதாக என் கணவர் பல வருடங்களாகச் சொல்லிவருகிறார். காலையில் எழுந்தால் இரண்டு கன்னமும் கனத்துப்போய் இருக்கிறது, பொட்டில் வலிக்கிறது. வாயைப் பெரிதாகத் திறந்தால் வலது காதுக்கு முன்னால் 'டக்' என்று சத்தம் வருகிறது. கொஞ்ச நாளாகப் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தமும் வருகிறது. வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று லேசாக ஆடுகிறது. ஒரு பல் மருத்துவர், "எல்லாம் பல்லைக் கடிப்பதால் வந்தது, நைட் கார்டு போட்டால் சரியாகிவிடும்" என்கிறார். இன்னொருவர், இது ஈறு நோய், ஈறுக்கு அடியில் சுத்தம் செய்ய வேண்டும் என்கிறார். சுத்தம் செய்தால் பல் இன்னும் ஆடிப்போகும் என்று என் அக்கா பயமுறுத்துகிறார். எதை முதலில் செய்வது? கார்டு போட்டால் பல் கெட்டியாகிவிடுமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

நேரடியான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈறு சிகிச்சைதான் முதலில். நைட் கார்டு, அதாவது தூங்கும்போது பல்லின்மேல் மாட்டிக்கொள்ளும் காப்பு உறை, வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அது உங்கள் ஈறை ஆற்றாது. ரத்தம் வரும் ஈறை அப்படியே விட்டுவிட்டு கார்டை மட்டும் மாட்டிக்கொண்டு காத்திருந்தால், பல்லைத் தாங்கும் எலும்பு வலியே இல்லாமல் கரைந்துகொண்டே போகும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 'பல்லைக் கடிப்பதால்தான்' என்று ஒரு விளக்கம் கிடைத்துவிட்டால், பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். அந்த விளக்கம் மனதுக்கு வசதியாக இருக்கிறது. அதற்குள் ஒன்றிரண்டு வருடம் ஓடிவிடுகிறது.

உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனி பிரச்சினைகள் இருக்கின்றன. தூக்கத்தில் பல் கடிப்பது ஒன்று. தாடைத் தசையும் மூட்டும் படும் பாடு இன்னொன்று. ஈறு நோய் மூன்றாவது. மூன்றும் ஒரே வாயில் இருப்பதால் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யும். அதற்காக ஒன்றுதான் மற்றதைப் பெற்றெடுத்தது என்று ஆகிவிடாது.

ஈறு நோய்க்குக் காரணம் பல்லின்மேல் படியும் கிருமிப் படலம். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. 1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் ஒரு எளிய சோதனை செய்தார்கள். ஈறு ஆரோக்கியமாக இருந்த சிலரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி ஒழுங்காகத் தேய்க்க ஆரம்பித்ததும் சில நாட்களில் பழையபடி ஆனது. கடியை யாரும் தொடவே இல்லை, படலம் வந்ததும் போனதும்தான் வித்தியாசம். இந்த அழற்சி ஈறோடு நிற்கும்வரை முழுதாகத் திரும்பும். உள்ளே இறங்கி, பல்லையும் எலும்பையும் இணைக்கும் நாரை அரித்து, எலும்பையும் கரைக்க ஆரம்பித்துவிட்டால் போனது பெரும்பாலும் போனதுதான். மேற்கொண்டு போகாமல் நிறுத்தலாம். உங்கள் பல் ஆடுவதைப் பார்த்தால், அந்த இடத்தில் இரண்டாவது கட்டம் தொடங்கியிருக்கலாம் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. அளந்து பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

உங்கள் முதல் மருத்துவர் சொன்னது அவர் புதிதாகக் கண்டுபிடித்த கருத்து இல்லை. 1901லேயே வியன்னாவைச் சேர்ந்த கரோலி என்ற பல் மருத்துவர், பல்லை அழுத்திக் கடிப்பவர்களுக்கு ஈறு நோய் வருவதாக எழுதினார். 1960களில் கிளிக்மேன் என்ற அமெரிக்கப் பேராசிரியர், கிருமியும் கடியின் பாரமும் சேர்ந்து எலும்பை அழிக்கும் என்று வாதாடினார். 70களின் கடைசியில் வார்ஹாக் என்ற நார்வேக்காரர் இறந்தவர்களின் தாடைகளை ஆராய்ந்து, எலும்பு போன இடமெல்லாம் கிருமிப் படலம் இறங்கிய இடத்தைத்தான் பின்தொடர்கிறது, கடியின் பாரத்தை அல்ல என்று மறுத்தார். விலங்குகளில் செய்த சோதனைகளும் ஒத்துப்போகவில்லை. ஸ்வீடனில் நாய்களில் செய்தபோது, ஏற்கெனவே ஈறு நோய் இருந்த பல்லை ஆட்டிக்கொண்டே இருந்தால் சேதம் கூடியது. அமெரிக்காவில் குரங்குகளில் செய்தபோது அப்படிக் கூடவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட ஒரு விஷயம் உண்டு. ஈறு நோய் இல்லாத பல்லை எவ்வளவு ஆட்டினாலும் அதனால் ஈறு நோய் வரவில்லை. 2017இல் அமெரிக்க, ஐரோப்பிய ஈறு மருத்துவ அமைப்புகள் சேர்ந்து நடத்திய கூட்டத்திலும் முடிவு இதையொட்டியே வந்தது: கடியின் பாரம் மனிதர்களுக்கு ஈறு நோயை உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை.

அப்படியானால் பல் கடிப்பதால் உங்கள் பல்லுக்கு ஒன்றுமே ஆகவில்லையா? ஆகியிருக்கலாம். இங்கேதான் விஷயம் கொஞ்சம் நுட்பமானது.

பல் எலும்பில் நேரடியாக ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை. நடுவில் சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனில் நார்களாலான ஒரு மெத்தை இருக்கிறது. இரவு முழுக்க அழுத்தம் விழுந்தால் அந்த இடைவெளி அகலமாகும், பல் ஆட ஆரம்பிக்கும், எக்ஸ்ரேயில் வேரைச் சுற்றிக் கறுப்புக் கோடு தடித்துத் தெரியும். ஈறு நல்லபடியாக இருந்தால் இதெல்லாம் பாரத்துக்குப் பல் செய்துகொள்ளும் சமாதானம்தான். பாரத்தைக் குறைத்தால் திரும்பிவிடும். ஆனால் ஈறு நோயால் எலும்பு பாதி இறங்கிய பல்லின் நிலைமை வேறு. மண் அரித்துப்போன வேலிக் கம்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பு அசைக்க முடியாத கம்பம், இப்போது சாதாரணமாகச் சாய்ந்தாலே ஆடும். கம்பத்தில் சாய்ந்தவர் மண்ணை அரிக்கவில்லைதான், ஆனால் அரித்தபின் அவர் சாய்வதைக் கம்பம் தாங்காது. உங்கள் கடைவாய்ப் பல் இந்த இரண்டில் எந்த ரகம் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

கண்டுபிடிப்பது கடினம் இல்லை. மில்லிமீட்டர் குறியிட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடத்தில் ஆழம் பார்க்க வேண்டும். 1 முதல் 3 மில்லிமீட்டர் என்றால் நல்லது. 4, 5 என்றால் கவனிக்க வேண்டியது. 6க்கு மேல் என்றால் ஆழமான பை. அளக்கும்போது எங்கே ரத்தம் கசிகிறது என்பதையும் குறிப்பார்கள். ஆடும் பல்லைச் சுற்றி எல்லா இடத்திலும் 2, 3 என்று வந்து, எக்ஸ்ரேயில் எலும்பு உயரம் சரியாக இருந்தால், உங்கள் முதல் மருத்துவர் அந்த ஒரு பல்லைப் பொறுத்தவரை சொன்னது சரி. 6, 7 என்று வந்தால் இரண்டாமவர் சொன்னதுதான். இரண்டு பேரும் ஒரே பல்லைப் பார்த்து இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த அளவுகளை யார் எடுத்தார்கள், எழுதி வைத்தார்களா என்று கேளுங்கள். அளக்காமல் யார் என்ன சொன்னாலும் அது ஊகம்தான்.

இன்னொன்றையும் மருத்துவர் பார்ப்பார். பல்லின் பக்கவாட்டில் விரல் நுனியை வைத்துக்கொண்டு, உங்களைப் 'டக் டக்'கென்று பல்லைத் தட்டச் சொல்வார். அதிகப் பாரம் வாங்கும் பல் விரலுக்கடியில் மெல்ல அதிரும். கண்ணுக்குத் தெரியாத அசைவு விரலுக்குத் தெரியும்.

அடுத்தது உங்கள் அக்காவின் பயம். இதை நான் அடிக்கடி கேட்கிறேன், எங்கிருந்து வருகிறது என்பதும் புரிகிறது. கிருமிப் படலம் இறுகிக் கல்லான பல வருடக் காரை பல்லுக்கு நடுவே கெட்டியாக உட்கார்ந்திருக்கும்போது பற்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். அதை எடுத்ததும் வீங்கியிருந்த ஈறு வற்றி இறங்கும், பல்லுக்கு நடுவே சந்து தெரியும், குளிர்ந்தது பட்டால் கூசும், சில நாள் பல் கொஞ்சம் அதிகமாக ஆடுவது போலவும் இருக்கும். 'நன்றாக இருந்த பல்லைக் கெடுத்துவிட்டார்கள்' என்று தோன்றுவது இயல்பு. உண்மையில் அந்தச் சந்து முன்பே இருந்தது, காரை அதை அடைத்துக்கொண்டிருந்தது. வீக்கம் வற்றி நார் இறுக இறுக, பல சமயம் பல்லாட்டம் குறையத்தான் செய்கிறது. கூச்சமும் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும். அக்காவிடம் இதைச் சொல்லுங்கள். அவருக்கும் ஈறில் ரத்தம் வந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஈறுக்கு அடியில் சுத்தம் செய்வதை மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வார்கள், பயப்பட வேண்டாம். ஆனால் உங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. தாடை ஏற்கெனவே வலிக்கும் ஒருவர் ஒரு மணி நேரம் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தால், ஈறு நன்றாகி தாடை பிடித்துக்கொள்ளும். எனவே முதலிலேயே மருத்துவரிடம் தாடை வலியைச் சொல்லிவிடுங்கள். வேலையைச் சின்னச் சின்ன அமர்வுகளாகப் பிரிக்கச் சொல்லுங்கள். கடித்துக்கொள்ள ரப்பர் கட்டை கேளுங்கள், அது இருந்தால் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கும் சிரமம் தசைக்கு இல்லை. நடுவில் கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். இப்படிக் கேட்பதில் எந்தச் சங்கடமும் இல்லை.

தாடை வலி ஈறைக் கெடுக்கும் ஒரு வழியும் உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. வாயை முழுதாகத் திறக்க முடியாதவர்கள் கடைசிப் பற்களைச் சரியாகத் தேய்ப்பதில்லை. பிரஷ் அங்கே போவதற்குள் வலிக்கும், கையை எடுத்துவிடுவார்கள். கிருமிப் படலம் அங்கேயே குடியிருக்கும். இதற்கு ஒரு சின்ன வழி சொல்கிறேன். மேல் கடைவாய்ப் பற்களின் வெளிப்பக்கத்தைத் தேய்க்கும்போது வாயை அகலத் திறக்காதீர்கள், பாதி மூடுங்கள். அப்போதுதான் கன்னம் தளர்ந்து பிரஷுக்கு இடம் கொடுக்கும். தலை சிறியதான, மென்மையான பிரஷ் வாங்குங்கள். ஈறு வற்றியபின் தெரியும் சந்துகளுக்கு, பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி குட்டியாக விற்கும் பல்லிடுக்கு பிரஷ்தான் சரி. எந்த அளவு என்பதை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தொடாமல் விடுவதுதான் மிகப் பெரிய தவறு. ரத்தம் வரும் இடத்தைத்தான் மெதுவாக, ஆனால் ஒழுங்காகத் தேய்க்க வேண்டும்.

புகைப் பழக்கம் பற்றி நீங்கள் எழுதவில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: புகைப்பவர்களுக்கு ஈறு நோய் இருந்தாலும் ரத்தம் அவ்வளவாக வராது, அதனால் எல்லாம் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். புகை தூக்கத்தில் பல் கடிப்பதையும் கூட்டுகிறது. நீங்கள் சர்க்கரை பரிசோதனை செய்து நாளாகியிருந்தால், மூன்று மாத சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு எளிதில் ஆறாது. ஈறு ஆறாவிட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டம்.

சரி, பல் கடிப்பதற்கு வருவோம். தூக்கத்தில் கடிப்பதற்குப் பல் வரிசை சரியில்லாததுதான் காரணம் என்று முன்பு நினைத்தார்கள். இப்போது தூக்க ஆய்வுக்கூடத்தில் பதிவுசெய்து பார்த்ததில், வேறொரு வரிசை தெரிகிறது. தூக்கம் சில விநாடி லேசாகிறது, இதயத் துடிப்பு கூடுகிறது, அதற்குப் பிறகுதான் தாடைத் தசைகள் இறுகி அரைக்கின்றன. ஆரம்பம் மூளையில், பல்லில் இல்லை. அதனால்தான் கடியைச் சரிசெய்கிறேன் என்று நல்ல பற்களை உரசித் தேய்ப்பது பல் கடிப்பதை நிறுத்தாது. தேய்த்த எனாமல் திரும்பியும் வராது. யாராவது எல்லாப் பல்லையும் தேய்த்துச் சமன் செய்யலாம் என்றோ, வரிசையாக உறை போடலாம் என்றோ சொன்னால், வேறொரு மருத்துவரிடமும் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். ஆடும் ஒரு பல்லில் மட்டும் பாரம் அதிகமாக விழுகிறது என்று அளந்து பார்த்து, அங்கே இம்மியளவு குறைப்பது வேறு. ஈறு சிகிச்சையின் ஒரு பகுதியாக அதைச் செய்வதுண்டு.

தூக்கத்தைக் கலைக்கும் எதுவும் பல் கடிப்பதைக் கூட்டலாம். மாலைக்குமேல் காபி, மது, மன அழுத்தம், நெஞ்செரிச்சல், மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள். மாத்திரை என்று தெரிந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் பேசுங்கள். உங்கள் கணவரிடம் ஒன்று கேட்க வேண்டும். பல் கடிக்கும் சத்தத்தை அவர்தானே கேட்கிறார், நீங்கள் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா? நடுவில் மூச்சு நின்று, பிறகு திணறி இழுக்கிறீர்களா? பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுகிறதா? ஆம் என்றால் கார்டுக்கு முன்னால் தூக்கப் பரிசோதனை. தூக்கத்தில் மூச்சு நிற்பவர்களில் சிலருக்கு மேல்பல்லில் போடும் கார்டு நிலைமையை மோசமாக்கலாம். அப்புறம், அந்தப் பிரச்சினை இதயம் வரை போகக்கூடியது.

இரவைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பகலை விட்டுவிடுகிறார்கள். சாப்பிடுவதையும் விழுங்குவதையும் சேர்த்தே ஒரு நாளில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொள்ள வேண்டிய நேரம் சுமார் 20 நிமிடம்தான். மற்ற நேரமெல்லாம் உதடு மூடியிருக்கலாம், பல் தொடக்கூடாது, நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இதைப் படிக்கும் இந்த நிமிடம் உங்கள் பல் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். பலர் திரையைப் பார்க்கும்போதும், வண்டி ஓட்டும்போதும், கோபத்தை அடக்கும்போதும் மணிக்கணக்கில் பல்லை ஒட்டவைத்துக்கொண்டு இருக்கிறார்கள். லேசாகத்தான், சத்தமே இல்லாமல். ஆனால் தசை ஓயவே இல்லை. பகலில் செய்வது மனதின் கட்டுப்பாட்டில் இருப்பதால் அதை மாற்ற முடியும். நாக்கின் நுனியை மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், 'ந' என்று சொல்லத் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்து, உதட்டை மூடி, பல்லை விலக்கிவிடுங்கள். நிலைக்கண்ணாடி, கணினி, சமையலறை என்று நீங்கள் அடிக்கடி பார்க்கும் இடங்களில் ஒரு சின்னப் புள்ளி ஒட்டிவையுங்கள். அது கண்ணில் படும்போதெல்லாம் பல்லை விலக்குங்கள், தோளைத் தளர்த்துங்கள். எளிமையாக இருக்கிறதே என்று அலட்சியம் செய்யாதீர்கள். காலை வலிக்கு இரவை மட்டும் குற்றம் சொல்லும் பலருக்கு இந்தப் பழக்கம் மாறும்போதுதான் வலி இறங்குகிறது.

உங்கள் தாடை வலியைப் பார்த்தால் மூட்டைவிடத் தசைதான் அதிகம் என்று தோன்றுகிறது. கன்னம் கனப்பதும் பொட்டு வலிப்பதும் மெல்லும் தசைகளின் இடம். ஒரு சோதனை செய்து பாருங்கள். பல்லை இறுகக் கடித்தால் கன்னத்தில் காதுக்குக் கீழே ஒரு தசை புடைக்கும். இப்போது தளர்த்திவிட்டு, அந்த இடத்தில் இரண்டு விரலால் ஐந்து விநாடி அழுத்துங்கள். உங்கள் பழகிய வலி, 'ஆமாம், இதுதான்' என்னும்படி அப்படியே வந்தால், அது தசை வலி. சில சமயம் கன்னத்தை அழுத்தினால் கடைவாய்ப் பல்லில் வலி தெறிக்கும், காதில் தெறிக்கும். சொத்தையே இல்லாத பல்லுக்கு ரூட் கனால் செய்துகொண்டு, வலி அப்படியே இருக்கிறதே என்று வருபவர்களில் சிலருக்கு மூலம் இந்தத் தசைதான்.

'டக்' சத்தத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய தகடு கொஞ்சம் முன்னால் நழுவி, வாய் திறக்கும்போது மறுபடி தன் இடத்துக்கு வரும் சத்தம் அது. வலியோ பிடிப்போ இல்லாத சத்தம் மிகப் பலருக்கு உண்டு, சிகிச்சை தேவையில்லை, சத்தத்தை நிறுத்துவதற்காக எதுவும் செய்ய வேண்டாம். உங்கள் நடு மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தி, பல்லுக்கு நடுவே விட முடிகிறதா பாருங்கள். சுமார் 40 மில்லிமீட்டர். போகிறது என்றால் நல்லது. திடீரென்று ஒருநாள் சத்தம் நின்று, இரண்டு விரல்கூடப் போகாமல் பிடித்துக்கொண்டால் மட்டும் உடனே வாருங்கள்.

தசை வலிக்கு முதல் சில வாரம் தாடைக்கு ஓய்வு கொடுங்கள். மென்மையான உணவு, சின்னச் சின்ன வாய். சூயிங் கம் வேண்டாம், நகம் கடிக்க வேண்டாம், கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார வேண்டாம். கொட்டாவி வரும்போது முகவாய்க்கு அடியில் கையை வைத்துத் தாங்குங்கள். சூடான ஈரத் துணியை 15, 20 நிமிடம் கன்னத்தில் வையுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இதிலேயே சில வாரங்களில் நன்றாகக் குறைகிறது. குறையவில்லை என்றால், தாடைப் பயிற்சியில் அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். மாதக்கணக்கில் நீடிக்கும் தாடை வலிக்கு எது உதவுகிறது என்று 2023இல் ஒரு சர்வதேசக் குழு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட வழிகாட்டி, தாடைப் பயிற்சிகளையும் கையால் தசையைத் தளர்த்தும் சிகிச்சையையும் வலியைக் கையாளக் கற்றுத்தரும் உளவியல் சிகிச்சையையும்தான் முன்னால் வைத்தது. வலியைக் குறைக்கும் விஷயத்தில் கார்டு அந்த வரிசையில் இல்லை. தசையில் போடும் போட்டாக்ஸ் ஊசியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சில மாதம்தான் தாங்கும், உங்கள் நிலைக்கு இப்போது அது வேண்டாம்.

அப்படியானால் கார்டு எதற்கு? பல்லைக் காப்பதற்கு. அது பல் கடிப்பதை நிறுத்தாது. பல்லுக்குப் பதில் தான் தேய்ந்துகொடுக்கும். பாரம் ஒரு பல்லில் குவியாமல் எல்லாப் பல்லுக்கும் பரவும்படி செய்யும். ஆடும் பல் இருக்கும் உங்களுக்கு அந்த இரண்டாவது வேலை முக்கியம். எல்லாப் பல்லையும் மூடும்படி, அளவெடுத்துச் செய்த கெட்டியான அக்ரிலிக் கார்டாக இருக்கட்டும். கடையில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடித்துப் பதிக்கும் மென்மையான கார்டைச் சிலர் இன்னும் அதிகமாகக் கடிக்கிறார்கள். முன்பற்களை மட்டும் மூடும் சின்ன வகைகளை மாதக்கணக்கில் போட்டால் மற்ற பற்கள் இடம் மாறிவிடலாம்.

ஈறு சிகிச்சைக்குப் பிறகு அளவெடுப்பது ஏன் நல்லது என்றால், வீங்கிய ஈறும் ஆடும் பல்லும் சிகிச்சைக்குப் பின் கொஞ்சம் இடம் மாறும். முன்பே செய்த கார்டு அப்புறம் சரியாகப் பொருந்தாது, பொருந்தாத கார்டே ஆடும் பல்லைத் தள்ளும். காலை வலி தாங்க முடியவில்லை என்றால் தற்காலிகமாக ஒன்று போட்டுக்கொள்ளலாம், அதைத் தற்காலிகம் என்று தெரிந்தே போடுங்கள். கார்டிலும் கிருமிப் படலம் படியும். இரவு பல்லைச் சுத்தமாகத் தேய்த்த பிறகே மாட்டுங்கள். காலையில் தனி பிரஷும் சாதாரண சோப்பும் போட்டுக் குளிர்ந்த நீரில் கழுவி உலரவிடுங்கள். வெந்நீர் பட்டால் வளைந்துவிடும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அதையும் எடுத்துப் போங்கள், அதில் தேய்ந்த தடங்களைப் பார்த்தால் எந்தப் பக்கம் எவ்வளவு கடிக்கிறீர்கள் என்று தெரியும்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. தாடையில் வீக்கத்தோடு காய்ச்சல், உதடோ முகவாயோ மரத்துப்போவது, நடந்தாலோ மாடி ஏறினாலோ மட்டும் வரும் தாடை வலி, இவை எதற்கும் உடனே மருத்துவரைப் பாருங்கள். கடைசியில் சொன்னது இதயத்திலிருந்து வரலாம். உங்கள் வீட்டில் 50 வயதைக் கடந்தவர்களுக்குப் புதிதாகப் பொட்டு வலி வந்து, மெல்ல மெல்லத் தாடை சோர்ந்து வலித்து, தலை வாரினால் தோல் நொந்து, பார்வையும் மங்கினால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அது ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம், கண் பார்வையைப் பறிக்கக்கூடியது.

உங்களுக்கான வரிசை இதுதான். இந்த வாரமே பகலில் பல்லை விலக்கும் பழக்கத்தையும் சூட்டு ஒத்தடத்தையும் ஆரம்பித்துவிடுங்கள், அதற்கு யாரையும் கேட்க வேண்டாம். ஈறு சிறப்பு மருத்துவரிடம் போய் அளவும் எக்ஸ்ரேயும் எடுத்து, ஈறுக்கு அடியில் சுத்தம் செய்துகொள்ளுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து அதே இடங்களை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். கார்டுக்கு அளவு கொடுக்க அதுதான் சரியான நேரம். ஆழம் குறையாத இடம் ஏதாவது இருந்தால் மேற்கொண்டு என்ன செய்வது என்று அப்போது பேசலாம். அதற்கப்புறமும் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

ஆடும் பல்லை இப்போதே எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், சீழும் தாங்க முடியாத வலியும் இல்லாத பட்சத்தில், அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள். கிருமியையும் குறைத்து, பாரத்தையும் குறைத்த பிறகு அந்தப் பல் எவ்வளவு ஆடுகிறது என்பதுதான் அதன் உண்மையான நிலை. லேசான ஆட்டத்தோடு, வலியில்லாமல், பல வருடம் மென்றுகொண்டிருக்கும் பற்கள் உண்டு. ஆட்டம் மெல்வதற்குத் தொந்தரவாக இருந்தால், பக்கத்துப் பல்லோடு இணைத்துக் கட்டும் வழியும் இருக்கிறது. மறு அளவு எடுத்த பிறகு அந்த எண்களோடு எனக்கு எழுதுங்கள், பல்லை என்ன செய்யலாம் என்று அப்போது சொல்கிறேன்.